பழைய வாடிக்கையாளரின் கதவை மீண்டும் தட்டுவது எப்படி?

வியாபாரம் செய்யும் எல்லோரிடமும் ஒரு பழைய கொப்பி இருக்கும். சிலரிடம் அது கடன் கொப்பி, சிலரிடம் ஓடர் கொப்பி. எனது கடையில் இருந்தது முகவரிக் கொப்பி. காலிக் கோட்டைக்குள் மாணிக்கக் கற்களும் வெள்ளி நகைகளும் விற்கும் சிறிய கடை என்னுடையது. யுத்தம் முடிந்து உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கிய காலத்தில், 2010ஆம் ஆண்டு, ஒரு வருகையாளர் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தேன். பொருள் வாங்கியவர்களும் வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்களும் தமது பெயர், நாடு, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை அதில் எழுதினார்கள். ஒன்பது வருடங்களில் அப்படிச் சேர்ந்தவை 2,614 முகவரிகள்.

வருடத்தில் ஓரிரு தடவைகள் எல்லோருக்கும் ஒரு வாழ்த்து அனுப்புவோம். சிலர் திரும்ப வந்தார்கள். சிலர் தமது நண்பர்களை அனுப்பினார்கள். அதன் பெறுமதியை அப்போது நான் சரியாக உணரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2018இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு, 2019 ஏப்ரல் தாக்குதல்கள், அதன் பின் கொரோனா என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளால் 2021இல் இரண்டு இலட்சம் பேர் கூட வரவில்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி. எரிபொருள் வரிசையில் நிற்கும் மனிதன் ஜேர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வாழ்த்துக் கடிதமா எழுதுவான்? கொப்பி அலுமாரிக்குள் போயிற்று. ஐந்து வருடங்கள் ஒருவருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் கோட்டைக்குள் கடைகளும் பெருகிவிட்டன. பட்டறையில் வேலை செய்யும் பாஸுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதே சிரமமாக இருந்தது. பருவ காலத்துக்குப் பின் அவரை நிறுத்திவிடலாமா என்று கூட யோசித்தேன். இருபது வருடங்களாக என்னுடன் இருப்பவர். அப்போதுதான் அந்தக் கொப்பி ஞாபகத்துக்கு வந்தது.

நான் செய்த தவறு

2024 ஜூலை மாதம். தென் கரையோரத்தில் உல்லாசப் பயணிகள் குறைந்த காலம். கையில் நேரம் இருந்தது. கொப்பியில் இருந்த முகவரிகள் ஏற்கெனவே கணினியில் பதியப்பட்டிருந்தன. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவை நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்து, கடையின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியிலிருந்து, "நூற்றுக்கு இருபது கழிவு" என்று பெரிய எழுத்தில் போட்டு, பத்துப் படங்களையும் சேர்த்து, 2,614 பேருக்கும் ஒரே இரவில் அனுப்பினேன். காலையில் ஓடர்கள் குவிந்திருக்கும் என்ற எண்ணத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் சேவை நிறுவனம் எனது கணக்கை இடைநிறுத்தியிருந்தது. அனுப்பியவற்றில் 731 கடிதங்கள் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரும்பி வந்திருந்தன. போய்ச் சேர்ந்தவை 1,883. அவற்றைப் பெற்றவர்களில் 'இது குப்பைக் கடிதம்' என்று முறைப்பாடு செய்ததாகத் தெரியவந்தவர்கள் மட்டும் 23 பேர். ஓடர் ஒன்றுகூட இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் ஒரு சோடிக் கம்மலுக்கு விலை கேட்டு எழுதியிருந்தார். உடனே பதில் அனுப்பினேன். சத்தமே இல்லை. பத்து நாட்கள் கழித்து, "நீங்கள் பதில் தரவில்லை, வேறிடத்தில் வாங்கிவிட்டேன்" என்று எழுதினார். எனது பதில் அவருடைய குப்பைப் பெட்டிக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. அந்த ஒரு இரவு வேலையால் கடையின் பெயரே கெட்டுப்போயிருந்தது.

கணினித் துறையில் படிக்கும் மகளிடம் விடயத்தைச் சொன்னேன். "வாப்பா, அஞ்சு வருஷம் சலாம் கூடச் சொல்லாத ஆக்கள்ட வீட்டுக்கு ராவோட ராவா போய்க் கதவ ஒடச்சா பொலிஸுக்குச் சொல்லாம என்ன செய்வாங்க?" என்று கேட்டாள். அன்று தொடக்கம் இந்த விடயத்தைப் படிக்கத் தொடங்கினேன். அவளுடைய உதவியுடன் அடுத்த சில மாதங்களில் செய்து பார்த்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பட்டியல் ஏன் கெட்டுப்போகிறது?

முகவரிப் பட்டியலும் சரக்குப் போன்றதுதான். களஞ்சியத்தில் அப்படியே கிடந்தால் பழுதாகும். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, முகவரிகள் செத்துப்போகின்றன. அலுவலக முகவரியைத் தந்தவர் வேலை மாறினால் அந்த முகவரி இல்லாமல் போகிறது. இலவச முகவரிகளும் நிலையானவை அல்ல. இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையை கூகுள் நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்து, அந்த வருட டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஜிமெயில் முகவரிகளும் அதற்குள் அடங்கும்.

இரண்டாவது, சில முகவரிகள் கைமாறுகின்றன. 2013ஆம் ஆண்டு யாஹூ நிறுவனம் ஒரு வருடமாகப் பாவிக்கப்படாத பெயர்களை விடுவித்து, விரும்பிய வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. நீங்கள் பழைய வாடிக்கையாளர் என்று நினைத்து எழுதும் கடிதம், உங்களைக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்குப் போகலாம். இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. கைவிடப்பட்ட முகவரிகள் சில பொறிகளாக மாற்றப்படுகின்றன. அந்த முகவரிக்கு உரியவர் இப்போது எவருமில்லை. ஆகவே அதற்கு எழுதுபவர் பட்டியலைச் சுத்தம் செய்யாமல் அனுப்புகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். இவ்வாறு அகப்படுபவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. 1998இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்பாம்ஹவுஸ் அவற்றுள் பெயர்பெற்றது.

மூன்றாவது, உயிருள்ள முகவரியில் இருக்கும் மனிதர் உங்களை மறந்துவிடுகிறார். மூன்று வாரப் பயணத்தில் நாற்பது கடைகளுக்குள் ஏறி இறங்கியவர் அவர். ஐந்து வருடங்களின் பின் திடீரென்று கழிவு விலைக் கடிதம் வந்தால், 'யார் இவன், எனது முகவரி எப்படிக் கிடைத்தது?' என்றுதான் நினைப்பார். அவர் மீது பிழை சொல்ல முடியாது.

வாசலில் நிற்கும் காவல்காரர்

கேட்காதவருக்கு விளம்பரம் அனுப்பும் வழக்கம் இணையத்தைவிடப் பழையது. 1978 மே மாதம், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கெரி துவெர்க் என்பவர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பெற்றவர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் இன்று இயந்திரமாகி, ஒவ்வொரு மின்னஞ்சல் பெட்டியின் வாசலிலும் காவல் நிற்கிறது.

அந்தக் காவல்காரர் முக்கியமாக மூன்று விடயங்களைப் பார்க்கிறார். இல்லாத முகவரிகளுக்கு எத்தனை அனுப்புகிறீர்கள்? பெற்றவர்களில் எத்தனை பேர் முறைப்பாடு செய்கிறார்கள்? எத்தனை பேர் வாசித்து, அழுத்தி, பதில் எழுதுகிறார்கள்? இவற்றை வைத்து உங்கள் பெயருக்கு ஒரு மதிப்பீடு போடப்படுகிறது. மதிப்புக் குறைந்தால் கடிதம் நேரே குப்பைப் பெட்டிக்குத்தான் போகும்.

2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதைக் கடுமையாக்கின. முறைப்பாடு ஆயிரத்துக்கு மூன்றை எட்டக் கூடாது, ஆயிரத்துக்கு ஒன்றுக்குக் கீழே இருப்பதே நல்லது என்று ஜிமெயில் சொல்கிறது. எனது கணக்கைப் பாருங்கள். 1,883 பேரில் 23 என்றால் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு. கணக்கு இடைநிறுத்தப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

முதலில் கடிதத்துக்கு முத்திரை

மீண்டும் எழுத முன்னர் செய்யவேண்டிய தொழில்நுட்ப வேலை ஒன்று உண்டு. பெயர்கள் பயமுறுத்தும், விடயம் எளிது. எஸ்.பி.எப். என்பது, உங்கள் கடையின் பெயரில் கடிதம் கொண்டுபோக அனுமதி பெற்ற தபால்காரர்களின் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடித உறையில் இடும் அரக்கு முத்திரை. வழியில் எவரும் மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி. டிமார்க் என்பது, இவை பொருந்தாமல் உங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தால் அதை என்ன செய்வது என்று வாசல் காவல்காரருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் உத்தரவு.

நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இம்மூன்றும் கட்டாயம். எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு முழுக் கட்டாயம் இல்லாவிட்டாலும் மூன்றையும் செய்துகொள்வதே புத்தி. உங்கள் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் சொன்னால் ஒரு மணித்தியால வேலை. இன்னொன்று, ஜிமெயிலில் திறந்த இலவச முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்ப முயலாதீர்கள். கடையின் சொந்தப் பெயரில் முகவரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் பிரித்தல்

நானும் மகளும் பல இரவுகள் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தோம். திரும்பி வந்த 731 முகவரிகளை முதலில் நீக்கினோம். முறைப்பாடு செய்த 23 பேரையும் இனி வேண்டாம் என்று சொன்னவர்களையும் நீக்கினோம். ஒருவருடைய பெயர் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை எடுத்தோம். தனிநபர் பெயரில்லாத பொது அலுவலக முகவரிகளையும் விட்டோம். 1,760 மீதியாயிற்று.

பின்னர் பற்றுச்சீட்டுக் கட்டுகளை எடுத்து, யார் உண்மையில் பொருள் வாங்கியவர், எந்த வருடம், என்ன வாங்கினார் என்று பெயருக்கு நேரே குறித்தோம். இதுதான் மிகக் கடினமான வேலை, மிகப் பிரயோசனமான வேலையும் இதுதான். முடிவில் மூன்று குழுக்கள் அமைந்தன. வாங்கியவர்கள், அதிலும் கடைசி இரண்டு வருடங்களில் வாங்கியவர்கள் முதலாவது. அதற்கு முன்னர் வாங்கியவர்கள் இரண்டாவது. புத்தகத்தில் எழுதிவிட்டு மட்டும் போனவர்கள் மூன்றாவது.

ஒரு எச்சரிக்கை. பட்டியலைப் பெருப்பிப்பதற்காக எவரிடமிருந்தும் முகவரிகளை விலைக்கோ இரவலுக்கோ வாங்காதீர்கள். "ஐயாயிரம் முகவரி இருக்கிறது, குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்களிடம் தராத முகவரி உங்களுடையது அல்ல. உங்களிடம் தந்த முகவரியும் ஒரு அமானிதம்தான், அதையும் மற்றவருக்கு விற்க முடியாது.

எழுதிய கடிதம்

இரண்டாவது தடவை படம் எதுவும் இல்லாமல், கழிவும் இல்லாமல், கையால் எழுதுவது போல ஆங்கிலத்தில் எழுதினேன். தலைப்பு: 'காலிக் கோட்டையில் நீங்கள் மோதிரம் வாங்கிய கடை'. விடயம் ஏறக்குறைய இப்படி:

"2017ஆம் ஆண்டு காலிக் கோட்டையில் எமது கடையில் நீங்கள் ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினீர்கள். வருகையாளர் புத்தகத்தில் உங்கள் முகவரியை எழுதித் தந்தீர்கள். 2019இன் பின்னர் நாம் உங்களுக்கு எழுதவில்லை. நாட்டின் நிலைமையும் எமது நிலைமையும் அவ்வாறு இருந்தன. கடை இன்றும் அதே இடத்தில் திறந்திருக்கிறது.

நாளாந்தம் அணியும் மோதிரத்தில் கல் தளர்வது உண்டு. மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கலகலவென்று மெல்லிய சத்தம் கேட்டால், உங்கள் ஊரிலுள்ள நகைத் தொழிலாளியிடம் காட்டி இறுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கு வந்தால் நாம் இலவசமாகச் செய்து தருவோம்.

வருடத்துக்கு நான்கு கடிதங்கள் எழுத விரும்புகிறோம். சம்மதமானால் 'ஆம்' என்று ஒரு சொல் அனுப்புங்கள். விருப்பமில்லாவிட்டால் கீழே உள்ள இணைப்பை அழுத்துங்கள், இனி எழுத மாட்டோம்."

அதன் கீழே எனது பெயர், கடையின் முழு முகவரி, தொலைபேசி இலக்கம்.

இந்தக் கடிதத்தில் ஐந்து விடயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். நாம் யார், எங்கே சந்தித்தோம் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. ஏன் இத்தனை காலம் எழுதவில்லை என்பது நேர்மையாக இருக்கிறது. எமக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவருக்குப் பிரயோசனமான ஒரு தகவல் இருக்கிறது. பதில் சொல்ல எளிதான ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. வெளியே போகத் திறந்த ஒரு வாசலும் இருக்கிறது. வாசல் திறந்திருந்தால் மனிதர் முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்த மாட்டார்.

கழிவை ஏன் எடுத்தேன் என்று சிலர் கேட்கலாம். கல் வியாபாரத்தில் நான் கேளாமலே நூற்றுக்கு இருபது குறைத்தால், அன்று வாங்கியவர் 'அப்படியானால் என்னிடம் அதிகமாக எடுத்திருக்கிறான்' என்றுதான் நினைப்பார். வேறு வியாபாரங்களில் கழிவு பொருந்தலாம். ஆனால் மறந்துபோன உறவைத் தொடங்கும் முதல் கடிதத்தில் விலை பேசுவது எந்த வியாபாரத்துக்கும் நல்லதல்ல.

கொஞ்சம் கொஞ்சமாக

கெட்ட பெயர் ஆறட்டும் என்று ஒகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதங்களும் மொத்தமாக ஒன்றும் அனுப்பவில்லை. ஒக்டோபரில் முதலாவது குழுவிலிருந்து தொடங்கினோம். நாளொன்றுக்கு 30 கடிதங்கள். எம்மை நன்றாக ஞாபகம் வைத்திருக்கக் கூடியவர்கள் முதலில் பதில் எழுதினால், வாசல் காவல்காரரிடம் எமது மதிப்பு உயரும் என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் கழித்து 50, பின்னர் 80. திரும்பி வருபவை நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் அன்றோடு நிறுத்தி, காரணத்தைப் பார்த்து, பட்டியலைத் திருத்திய பின்னரே தொடர்ந்தோம்.

எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று சேவை நிறுவனங்கள் காட்டும் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். 2021 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் கொண்டுவந்த மாற்றத்தின் பின், அந்த வசதியைப் பாவிப்பவர்களின் கடிதங்களை அவர்கள் திறக்காவிட்டாலும் திறந்தது போலக் கணக்குக் காட்டும். பதில் எழுதியவர் எத்தனை பேர், இணைப்பை அழுத்தியவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர் என்று மட்டும் பாருங்கள்.

பதில் தராதவர்களுக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது கடிதம். அதன் பின் மூன்றாவதும் கடைசியுமான கடிதம்: "உங்களிடமிருந்து பதில் இல்லாததால் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம். கோட்டைக்கு வந்தால் கடைக்கு வாருங்கள்." ஆச்சரியம் என்னவென்றால், முன்னைய இரண்டுக்கும் பேசாதிருந்த பலர் இந்தக் கடைசிக் கடிதத்துக்கே பதில் எழுதினார்கள். அதற்காக இதை ஒரு தந்திரமாகப் பாவிக்கக் கூடாது. எடுத்துவிடுவோம் என்று சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். நாம் எடுத்தோம்.

ஒரு பதில்

வந்த பதில்களில் ஒன்றை நான் மறக்க மாட்டேன். பிரித்தானியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். புத்தகத்தில் எழுதியவர் அவருடைய கணவர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் காலமாகிவிட்டார். அவருடைய மின்னஞ்சலை இன்னும் தான் பார்த்து வருவதாகவும், ஜூலையில் வந்த "நூற்றுக்கு இருபது கழிவு" கடிதத்தை வெறுப்புடன் அழித்ததாகவும், ஆனால் இந்தக் கடிதம் அவர் மோதிரம் வாங்கிய நாளை ஞாபகப்படுத்தியதாகவும் எழுதியிருந்தார். காதருகே பிடித்துத் தட்டிப் பார்த்தாராம். கல் ஆடவில்லை. இனி எழுத வேண்டாம் என்றும் பணிவாகக் கேட்டிருந்தார்.

நான் அனுதாபம் தெரிவித்து இரண்டு வரி எழுதி, பெயரை எடுத்துவிட்டேன். அன்று தொடக்கம் எனக்கு அது வெறும் முகவரிப் பட்டியல் அல்ல. எமது வாசலுக்கு வந்துபோன மனிதர்களின் பட்டியல்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டவருக்கு எழுதும்போது அவர்களுடைய சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, விளம்பரக் கடிதத்தில் அனுப்புபவரின் உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும், வேண்டாம் என்றவருக்குப் பத்து வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.டி.பி.ஆர். சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது; அது இன்னும் கடுமையானது.

'அனுமதி கேட்கத்தானே எழுதுகிறோம், அதில் என்ன பிழை?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2017 மார்ச் மாதம் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் பிளைபீ என்ற விமான நிறுவனத்துக்கு 70,000 பவுண் அபராதம் விதித்தது. விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொன்ன 33 இலட்சம் பேருக்கு, 'உங்கள் விபரங்கள் சரியா?' என்று கேட்டு எழுதியதுதான் குற்றம். வேண்டாம் என்றவரிடம் மீண்டும் அனுமதி கேட்பதே பிழை. ஆகவே அவ்வாறானவர்களின் முகவரிகளை ஒரேயடியாக அழித்துவிடாமல், 'எழுதக்கூடாதோர்' என்று தனிப் பட்டியலாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் பழைய கொப்பியிலிருந்து எவராவது தவறுதலாக மீண்டும் சேர்த்துவிடுவார்கள்.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. அதன் ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்தும் திகதிகள் பிற்போடப்பட்ட போதிலும், விளம்பரச் செய்தி அனுப்புவதற்குச் சம்மதம் வேண்டும், விலகிக்கொள்ள இலவசமான வழி கொடுக்க வேண்டும் என்பவை அச்சட்டத்தில் உள்ளன. இப்போதே அதன்படி நடப்பவருக்குப் பின்னர் சிரமம் இருக்காது.

என்ன கிடைத்தது?

2025 மார்ச் மாதம் பருவ காலம் முடியும்போது கணக்குப் பார்த்தோம். எழுதிய 1,760 பேரில் பட்டியலில் மிஞ்சியவர்கள் 318 பேர். 2,614 என்று பெருமையாகச் சொன்ன இடத்தில் 318 என்று சொல்வது ஆரம்பத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த 318 பேரில் 37 பேர் அந்தப் பருவத்தில் வாங்கினார்கள். 14 பேர் கடைக்கே வந்தார்கள், மற்றவர்கள் ஓடர் கொடுத்தார்கள். 2,614 பேருக்கு அனுப்பிய இரவில் ஒருவரும் வாங்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன். பாஸ் இன்னும் பட்டறையில் இருக்கிறார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதுகிறோம். புதிதாக வருபவர்களிடம், "வருடத்துக்கு நான்கு கடிதம் அனுப்புவோம், சம்மதமா?" என்று கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரை மட்டும் எழுதுகிறோம். அதே வாரம் ஒரு நன்றிக் கடிதமும் போகிறது. முகவரி பிழையென்றால் அப்போதே தெரிந்துவிடும்.

உள்ளூர் வியாபாரிகளுக்கு

'எனது கடைக்கு வெள்ளைக்காரர் வருவதில்லை, நான் ஹார்ட்வெயார் வியாபாரி, புடவை வியாபாரி' என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் கையடக்கத் தொலைபேசியில் இருக்கும் வட்ஸ்அப் இலக்கங்களும் இதே வகைப் பட்டியல்தான். தொலைபேசி இலக்கங்களும் கைமாறுகின்றன. பெருநாள் நெருங்கும்போது மட்டும் ஆயிரம் பேருக்கு 'புதிய சரக்கு வந்துவிட்டது' என்று அனுப்பினால், பலர் உங்களைத் தடுத்துவிடுவார்கள். தடுத்தவர் அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

சீமெந்து வாங்கியவரிடம் கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். தையல் இயந்திரம் வாங்கியவருக்கு எண்ணெய் விடும் காலத்தை ஞாபகப்படுத்துங்கள். எமது வாப்பாமார் கணினி இல்லாத காலத்தில் கடை வாசலில் நின்று இதைத்தான் செய்தார்கள். போகிறவரைக் கூப்பிட்டுச் சுகம் விசாரித்தார்கள். வியாபாரம் தானாக வந்தது.

இன்றிரவு கடையைப் பூட்டிய பின்னர் அந்தப் பழைய கொப்பியை எடுத்துப் பாருங்கள். எல்லோருக்கும் எழுத வேண்டியதில்லை. கடைசியாக உங்களிடம் வாங்கிய பத்துப் பேரைத் தெரிவு செய்து, அவர்கள் வாங்கிய பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதுங்கள். பதினோராவது ஆளைப் பற்றி அடுத்த வாரம் யோசிக்கலாம்.